மூன்று காளான் பவளங்களும் ஒரு கச்சான் காலமும்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் வீடு. நான்கு மாதமாக ஓடும் 60 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, அதில் இரண்டு கோமாளி மீன்கள். கொழும்பில் மூன்று காளான் பவளங்கள் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள். பத்து நாளாகிறது. விளக்குக்கு நேர் கீழே கல்லின் உச்சியில் வைத்த சிவப்பு, ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நீலம் கல்லை விட்டுக் கழன்று தொட்டிக்குள் உருண்டு திரிகிறது. ரோமம் போல முளைகள் உள்ள பச்சை, வாயிலிருந்து வெள்ளை நூல் நூலாகக் கக்குகிறது. இந்தப் பத்து நாளில் மூன்றையும் மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறீர்கள். சாகப்போகின்றனவா, என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்கிறீர்கள்.

மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். மூன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றை வாட்டுபவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றது உங்கள் கை. பகல் இரண்டு மணிக்குத் தொட்டி நீர் 31.5 பாகை காட்டுகிறது என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி.

வைத்தியத்துக்கு முன் இந்த உயிரினம் எதுவென்று தெரிந்துகொள்வோம். கடைக்காரர்கள் 'மஷ்ரூம்' என்று விற்பது கல் பவளங்களான நம் முருகைக்கற்களின் ஒன்றுவிட்ட உறவு. கடற்சாமந்திக்கும் கல் பவளத்துக்கும் இடைப்பட்ட தனிக் கூட்டம். உடலுக்குள் சுண்ணாம்புக் கூடு கிடையாது. ஒரு காம்பு, மேலே ஒரு தட்டு, தட்டின் நடுவில் ஒரு வாய், அவ்வளவுதான். தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதே அதன் பெரும்பாலான சாப்பாடு. உங்களிடம் இருக்கும் சிவப்பும் நீலமும் டிஸ்கோசோமா இனமாக இருக்க வேண்டும், முளைகள் உள்ள பச்சை ரோடாக்டிஸ். இதே காளான் பெயரை வேறொரு பவளமும் சுமக்கிறது: ஃபங்கியா எனப்படும் கல் பவளம். காளானைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் மடிப்புகளைப் போல வரிவரியாக இருக்கும், மணலில் எதையும் பற்றிக்கொள்ளாமல் கிடக்கும். அதற்கு வெளிச்சமும் சுண்ணாம்புச் சத்தும் வேறு கணக்கு. ஒன்றைப் பற்றிய குறிப்பைப் படித்து மற்றதற்குச் செய்து பவளத்தைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

சிவப்பிலிருந்து தொடங்குவோம். காளான் பவளம் நிழலுக்குப் பழகியது. அதை விளக்கின் கீழ் உச்சியில் வைப்பது, நிழலில் வளர்ந்த வெற்றிலைக் கொடியைக் கல்லடிக் கடற்கரை மணலில் கொண்டுபோய் நடுவதற்குச் சமம். வெளிச்சம் கூடினால் தட்டைச் சுருட்டி, நிறம் வெளிறி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் இதற்கு நேர்மாறாகக் காம்பை நீட்டி, தட்டைப் புனல் போல மேலே தூக்கி எட்டிப்பார்க்கும். இந்த இரண்டு முகத்தையும் படிக்கத் தெரிந்தால் வெளிச்சம் அளக்கும் கருவி வாங்கும் செலவு மிச்சம். இப்போது சிவப்பை இன்னொரு முறை எடுத்து வைக்க வேண்டாம், விளக்கைக் குறையுங்கள். பிரகாசத்தைப் பாதியாக்க முடிந்தால் ஆக்குங்கள். முடியாதென்றால் விளக்குக்குக் கீழே நுளம்பு வலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். துணி சூடான பாகத்தில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு மடிப்பை எடுக்கலாம். நாளுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் தாராளம்.

அடுத்தது நீலம். கழன்றது நோயால் அல்ல. நீரோட்டம் பலமாக இருந்தாலோ இடம் பிடிக்காவிட்டாலோ காளான் தானே பிடியை விட்டுவிட்டு வேறு இடம் தேடும். ஆனால் தேடிப் போகும் இடம் பம்பின் வாயாக இருந்துவிடலாம். என் முதல் நீலக் காளான் அப்படித்தான் போனது. காலையில் பார்த்தபோது பம்பின் சல்லடையில் நீலக் கூழ் மட்டும் இருந்தது. அதனால் இன்றைக்கே பிடியுங்கள்.

ஒட்டும் பசையைத் தேடாதீர்கள். கல் பவளத்துக்குப் பயன்படும் பசை இதன் வழுவழுப்பில் நிற்காது. நின்றதுபோல் இருக்கும், அரை மணி நேரத்தில் பசைத் தோல் மட்டும் தனியாகக் கல்லில் இருக்கும், காளான் போயிருக்கும். ஒரு யோகட் கோப்பையைச் சவர்க்காரம் படாமல் கழுவி எடுங்கள். அடியில் விரல் நுனி அளவுப் பவளக் கற்துண்டுகளை இரண்டு அடுக்குப் பரப்புங்கள். துண்டுகள் தொட்டியிலேயே கிடந்து பழகியவையாக இருந்தால் நல்லது. காளானை அதன்மேல் வாய் மேலே பார்க்க மெதுவாக இறக்குங்கள். எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் வாயைத் தேடுங்கள். நடுவில் சிறு பிளவு போல இருப்பது அது. கோப்பையின் வாயில் நுளம்பு வலையைக் கட்டி இறப்பர் வளையம் போட்டு, நீரோட்டம் படாத மூலையில், மணலில் பாதி புதைத்து வையுங்கள். பிறகு பார்க்காதீர்கள். பார்க்காமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் ஏதோ ஒரு கல்லைப் பற்றிக்கொள்ளும். என்னுடைய ஒன்று கற்களையெல்லாம் விட்டுவிட்டுக் கோப்பையின் சுவரைப் பிடித்துக்கொண்டது. கோப்பையை வெட்டி அந்தத் துண்டோடு கல்லில் சாய்த்து வைத்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பச்சை கக்கும் வெள்ளை நூல்கள் புழுக்கள் அல்ல, பயப்பட வேண்டாம். அவை அதன் குடல் இழைகள். இரை செரிக்கவும், பக்கத்தில் இருப்பவனைச் சுடவும் வைத்திருப்பவை. உடல் நெருக்கடிக்கு உள்ளானால் அவற்றை வெளியே தள்ளும். நெருக்கடி தீர்ந்தால் திரும்ப இழுத்துக்கொள்ளும். சாகிறதா இல்லையா என்பதற்குக் கண்ணை விட மூக்கும் விரலும் நம்பகமானவை. கரண்டியின் காம்பால் ஓரத்தைத் தொடுங்கள். மெதுவாகவேனும் சுருங்கினால் உயிர் இருக்கிறது. தொட்ட இடம் கரைந்து பழுப்புச் சளியாகப் பிரிந்தால், தண்ணீருக்கு வெளியே எடுக்கும்போது மூன்றாம் நாள் மீன் குடலின் நாற்றம் அடித்தால், அதை அந்த நிமிடமே அகற்றிவிட வேண்டும். 60 லீற்றரில் அழுகும் ஒரு காளான் விடும் அமோனியா கோமாளி மீன்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அகற்றிய கையோடு ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, வடிகட்டியில் புதிய காபன் (நஞ்சை உறிஞ்சும் கரி) போடுங்கள்.

இனி வெப்பம். காளான் பவளத்துக்கு 24 முதல் 27 பாகை வரை சுகம். 28, 29 வரை தாங்கும். அதற்குமேல் நாள்தோறும் போனால் உள்ளே குடியிருக்கும் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப் பட்டினி கிடக்கத் தொடங்கும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலின் முருகைக்கற்கள் வெளிறிப்போனதும் இதே காரணத்தால்தான். கூடவே, சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். ஆக இரட்டை அடி.

ஐரோப்பியரின் கையேடுகளில் தொட்டிக்குச் சூடேற்றி வாங்கும்படி எழுதியிருக்கும். களுவாஞ்சிகுடியில் அந்தப் பணத்தைக் காற்றாடிக்குக் கொடுங்கள். கணினிக்குள் இருக்குமே, அந்த மாதிரிச் சிறு காற்றாடிகள் இரண்டை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீச விட்டால், ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். என் வீட்டில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் ஆகஸ்ட் வரை இதனால் மூன்று பாகை வரை இறங்குகிறது, காற்று காய்ந்து கிடப்பதால். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் ஒரு பாகை இறங்கினாலே அதிகம். ஆனால் அப்போது அது தேவையும் இல்லை. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். இரண்டாவது, விளக்கு நேரத்தை மாற்றுங்கள். பவளத்துக்கு நம்முடைய மணிக்கூடு தெரியாது. பகல் பத்து மணிக்கு ஏற்றுகிற விளக்கை மாலை நான்கு மணிக்கு ஏற்றி நள்ளிரவில் அணையுங்கள். நடுப்பகல் வெக்கையும் விளக்கின் சூடும் ஒரே நேரத்தில் சேராது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது தொட்டியும் விழித்திருக்கும். ஐஸ் போத்தலை மிதக்கவிடுவது ஆபத்து வேளைக்கு மட்டும். நாளும் போட்டால் வெப்பநிலை ஊஞ்சலாடும், அது நிலையான 29ஐ விட மோசம்.

காற்றாடி வைத்தால் கூடவே ஒரு கணக்கும் வரும். ஆவியாவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கும். 60 லீற்றரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு இரண்டு லீற்றர் போனால் மூன்றாம் நாள் 54 லீற்றரில் அதே உப்பு, அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 39 கிராம். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குத் திருகோணமலைக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பினால் அவ்வளவுதான். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தை மார்க்கர் பேனாவால் கீறி வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நன்னீர் விடுங்கள், உப்பு நீர் அல்ல. உப்பை அளக்க மிதக்கும் பிளாஸ்டிக் கருவியை நம்பாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, 35க்கென்று விற்கும் அளவுத் திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 1.025, 1.026 அளவில் நிற்க வேண்டும்.

நன்னீர் எங்கிருந்து எடுப்பது? கிணற்று நீர் வேண்டாம். நம் கரையோர மணலில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குடிக்கத் தெளிவாக இருந்தாலும் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று அளவுக்கு மீறி ஏறியிருக்கும். குழாய் நீரில் குளோரீன். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானது என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அது செப்புக் குழாயில் வழிந்து வருவது, செப்பு இந்த உயிர்களுக்கு நஞ்சு. தகரக் கூரையில் விழுந்த மழைநீரும் உலோகம் கலந்ததுதான். ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டியில் வடித்த நீரே சரி. போத்தலில் விற்கும் குடிநீரை வாங்கினால் கரைந்திருக்கும் தாதுக்களை அளக்கும் கரைதிண்ம மானியால் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் எடுக்கலாம், ஐம்பது அறுபது காட்டினால் அது சுவைக்காகத் தாதுக்கள் சேர்த்தது.

கடல் வாசலில் இருக்கும்போது உப்புப் பொட்டலம் ஏன் வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானே ஆண்டில் பாதிக்குக் கடல்நீர்தான் பாவிக்கிறேன். கிழக்குக் கடல் தெளிந்து அடங்கியிருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, கரையில் அள்ளாமல், மீன்பிடிக்கப் போகும் ஒருவரிடம் கலனைக் கொடுத்து அலை உடையும் இடத்துக்கு நன்றாக வெளியே எடுத்துவரச் சொல்கிறேன். கலனை நீங்களே கொடுங்கள்; படகில் கிடக்கும் கலன் எல்லாம் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் கண்டவை. ஒரு வாரம் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் துணியில் வடித்தெடுக்கலாம். வாடைக் காலத்தில் இந்த யோசனையே வேண்டாம். முகத்துவாரம் வெட்டுண்டு வாவி நீர் கடலில் பாயும் மாதங்களில் வயல் மருந்தும் சேறும் சேர்ந்து வரும், உப்பும் குறைந்திருக்கும். அந்த மாதங்களில் பொட்டலத்துக்கே திரும்பிவிடுங்கள். வாரம் ஆறு லீற்றர் மாற்றினால் போதும், அதற்கு 220 கிராம் அளவு உப்பு.

தொட்டி நீர் பளிங்கு போல இருக்கிறது, நைத்திரேற்று பூச்சியம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். காளானுக்கு அது பட்டினி. லீற்றருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கட்டும். பொசுபேற்றும் அடியோடு இல்லாமல் போகக் கூடாது. மீனுக்கு ஒரு நேரம் கூடுதலாகப் போட்டாலே கொஞ்ச நாளில் வந்துவிடும். கல்சியம், மக்னீசியம் என்று கடைக்காரர் அடுக்கும் போத்தல்களை விட்டுவிடுங்கள்; கூடு கட்டாத பிராணிக்கு வாராந்த நீர்மாற்றமே போதும். டிஸ்கோசோமாவுக்குத் தனியாக ஊட்டத் தேவையில்லை. ரோடாக்டிஸ் தேறிய பிறகு வாரம் ஒருமுறை அரிசி அளவு இறால் துண்டு ஒன்றை வாயருகே வைத்துப் பாருங்கள். தட்டின் ஓரங்கள் மெல்ல மெல்ல உயர்ந்து, சுருக்குப்பை போல வாய் மூடி, அரை மணி நேரம் அப்படியே இருக்கும். இதே மூடல் வேலையை யானைக்காது என்று விற்கும் ஆம்பிளெக்ஸிடிஸ்கஸ் இனம் மீன்களுக்கே செய்யும். ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வளரும் அதை உங்கள் கோமாளிகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து நுளம்பு மருந்து. டெங்குக் காலத்தில் புகை அடிக்க வரும்போது, வீட்டுக்குள் தெளிப்பான் அடிக்கும்போது, அந்த நஞ்சு காற்றுப் பம்பு வழியாக நேரே நீருக்குள் போகும். பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை முழுதும் போனபின் திறந்துவிடுங்கள். மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் செப்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாமல் மீனை வேறு வாளிக்கு மாற்றி வைத்தியம் செய்யுங்கள்.

மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் போனபோது என் தொட்டியில் கிளைப் பவளங்கள் ஒவ்வொன்றாகப் போயின. காளான்கள் இருட்டில் சுருங்கிக் கிடந்துவிட்டு, விளக்கு வந்ததும் எதுவும் நடவாததுபோல் விரிந்தன. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் மீன்களும் தப்பும்.

தேறியபின் வரும் தொல்லை வேறு வகை. இவை பெருகும். காம்பின் அடியில் ஒரு கீறு தசையை விட்டுவிட்டு நகரும், அந்தக் கீறு குட்டியாகும். பசிபிக்கின் பால்மைரா பவளத் தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி ரோடாக்டிஸ் இனம் ஒன்று பரவி முருகைப் பாறையையே மூடிவிட்டது. கப்பலின் இரும்பே அதற்கு உரமாகியிருக்கும் என்று சந்தேகிக்கிறார்கள். உங்கள் பச்சை அதே குடும்பம். அதனால் பெரிய கல்லில் குடியேற்றாமல், மணலின் நடுவில் தனிக் கல்லில், அடுத்த பவளத்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். மிஞ்சியதைக் கடலிலோ வாவியிலோ விடவே கூடாது.

கல்லும் பவளமும் பாசிக்குடாவில் எடுத்துக்கொண்டால் என்ன என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசிய காலம் இலங்கைக் கரைகளில் இருந்தது. அதில் மிஞ்சியதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதே கிழக்குக் கரையில் இருக்கும் காயங்கேணிப் பாறைகளை 2019இல்தான் சரணாலயமாக்கினார்கள். ஒரு தொட்டிக்காக அதில் கை வைக்கச் சொல்லாதீர்கள் அவரிடம். காளான் வேண்டுமென்றால் வளர்ப்பவரிடம் குட்டியாக வாங்கலாம். வளர்ப்பவர் எவரிடமும் மிச்சம் இருக்கும்.

பிரயாணத்தைப் பற்றி ஒன்று. பையில் பன்னிரண்டு மணி நேரம் கிடந்த நீரில் அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறி நீரின் காரத்தன்மை ஏற, அதுவரை அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாகும். ஆகவே மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது கெடுதல். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்த பிறகு நாலைந்து முறை தொட்டி நீரை விட்டு, அரை மணி நேரத்துக்குள் பவளத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். பை நீர் சாக்கடைக்கு. அன்றைக்கு விளக்கு வேண்டாம்.

ஆக இன்று செய்ய வேண்டியது: நீலத்தைக் கோப்பையில் போடுவது, விளக்கை மறைப்பது, காற்றாடி கட்டுவது, கண்ணாடியில் கோடு கீறுவது. பச்சையை நாளை காலை முகர்ந்து பாருங்கள். சிவப்பை மூன்று வாரம் தொடாதீர்கள். கை அரித்தால் கண்ணாடியைத் துடையுங்கள். பச்சை பிழைக்காமல் போனால் கச்சான் தணிந்தபிறகு, ஒக்டோபர் வாக்கில், கல்லடிப் பக்கம் வரும்போது மூடியுள்ள போத்தல் ஒன்று கொண்டுவாருங்கள். என் தொட்டியின் பின்சுவரில் பச்சைக் குட்டிகள் ஏழெட்டு ஒட்டியிருக்கின்றன, எடுத்துத் தருகிறேன்.